உடல் எடையும் ஓட்டப் பயிற்சியும்



புத்தாண்டு பிறந்த முதல் வாரத்தில், காலை ஏழு மணிக்கு நம் தாமான் திடலுக்குப் போனால் ஒரு காட்சியைக் காணலாம். இருபது முப்பது பேர் திடலைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள். புதுச் சப்பாத்து, புதுச் சட்டை, முகத்தில் ஓர் உறுதி. மூன்றாம் வாரத்தில் போனால் பத்துப் பேர் இருப்பார்கள். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் கழிந்த பிறகு போனால், ஆண்டு முழுவதும் தவறாமல் நடக்கும் முதியவர்கள் இரண்டு மூன்று பேரை மட்டுமே காண்போம். ஓட வந்த மற்றவர்கள் எங்கே போனார்கள்? சிலர் கால்வலியோடு வீட்டில் இருக்கிறார்கள். பலர், "இத்தனை நாள் ஓடியும் எடை குறையவில்லையே" என்று மனம் சலித்து நிறுத்திவிட்டார்கள். அந்த இரு சாராரையும் நினைவில் கொண்டே இன்றைய உரையை அமைத்திருக்கிறோம்.

பிறர் குறையை எடுத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். நாங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தாம். எங்கள் தாமானைச் சேர்ந்த ஐந்து பேர் ஒன்றாக ஓடத் தொடங்கினோம். ஒருவர் லோரி ஓட்டுநர், ஒருவர் அலுவலகக் கிராணி, ஒருவர் ஆசிரியை, ஒருவர் இல்லத்தரசி, ஐந்தாமவர் இந்த உரையைப் படிப்பவர். எங்கள் முதல் முயற்சி பத்தே நாளில் முடிந்தது. இரண்டாம் முயற்சி இன்றுவரை தொடர்கிறது. முதல் முறை செய்த பிழைகள் யாவை, இரண்டாம் முறை எதை மாற்றினோம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் பாட்டன் பாட்டி காலத்தில், எடையைக் குறைக்க ஓடுங்கள் என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போனார்கள். பிறகு மேடும் பள்ளமுமான நிரையில் சில நூறு பால்மரங்களைச் சீவினார்கள். மீண்டும் அதே வழியே நடந்து பாலை எடுத்து, வாளியில் சுமந்து வந்தார்கள். மாலையில் விறகு, தண்ணீர், காய்கறித் தோட்டம். அவர்கள் தட்டு நிறையச் சோறு உண்டார்கள். அந்தச் சோறு அத்தனையும் உழைப்பாகச் செலவாயிற்று. நாம் தோட்டத்தை விட்டுப் பட்டணத்திற்கு வந்தோம். நாற்காலியில் அமர்ந்தோம், வாகனத்தில் ஏறினோம், அடுக்குமாடியில் மின்தூக்கியை அழுத்தினோம். உழைப்பு மாறியது. தட்டில் இருந்த சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை.

இதன் விளைவு என்ன? மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, வயது வந்தவர்களில் 100க்கு 50 பேர் அளவுக்கு மீறிய எடையோடோ உடற்பருமனோடோ இருந்தார்கள். 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 54 பேராக உயர்ந்துவிட்டது. நீரிழிவு நோயோ, இந்நாட்டில் மற்ற இனத்தவரைவிட நம்மவர்களிடையே அதிகமாகக் காணப்படுகிறது. ஆசிய மக்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தாண்டும்போதே ஆபத்து தொடங்கிவிடுகிறது. இடுப்பின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போனால் அதுவும் எச்சரிக்கைதான். வீட்டில் தையல் அளவுநாடா இருந்தால் இன்றே எடுத்து அளந்து பார்க்கலாம்.

எங்கள் லோரி ஓட்டுநர் நண்பர் ஓட வந்ததற்குக் காரணம் இந்தப் புள்ளிவிவரங்கள் அல்ல. அவருடைய தந்தையார் 52ஆம் வயதில் மாரடைப்பால் காலமானவர். நண்பருக்கு அப்போது வயது 51. "வருகிற தீபாவளிக்கு எனக்கும் 52 ஆகிறது" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஓட்டம் நமக்குப் புதியதன்று. 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில், மருத்துவக் கல்வி பயின்றவரான மணி ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அதே போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் எம். இராஜாமணி அம்மையார். நம்மில் பலரும் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடியவர்கள்தாம். ஆனால் நம்மைக் கெடுப்பதும் அந்தப் பள்ளி நினைவுதான். நாற்பது வயதுக்குப் பிறகு திடலில் கால் வைக்கும்போது, மனம் பதினைந்து வயதுப் பிள்ளையாகிவிடுகிறது. முதல் நாளே வேகமாக ஓடுகிறோம். எங்கள் நண்பரும் முதல் நாள் மூச்சிரைக்க மூன்று சுற்று ஓடினார். நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி கண்டு, லோரியின் படியில்கூட ஏற முடியாமல் தவித்தார்.

இதற்குக் காரணம் உண்டு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நம் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்குச் சுமை காலில் இறங்குகிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்புக்கும் தசைநார்களுக்கும் அதைவிட அதிகக் காலம் வேண்டும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று ஓடினால், கால் பழிவாங்கிவிடும். எடை கூடியவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

எனவே ஓடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, மருத்துவரைப் பார்ப்பது. நாற்பதைத் தாண்டியவர்கள், நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவர்கள், நெடுங்காலம் பயிற்சியே இல்லாதவர்கள் ஆகியோர் இதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டாம் முறை தொடங்குமுன் நாங்கள் ஐவரும் போனோம். லோரி ஓட்டுநருக்கு இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. "மருந்தால் இது கட்டுப்படும்வரை நடங்கள்; ஓட வேண்டாம்" என்றார் மருத்துவர். ஆறு வாரம் நாங்கள் ஓட, அவர் பின்னால் நடந்து வந்தார். முதலில் அவருக்கு வெட்கமாக இருந்தது. முதல் முறை அவர் ஓடிய அந்த மூன்று சுற்றுகளின்போது அவருடைய இரத்த அழுத்தம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கையில், எங்களுக்கு அச்சமாக இருந்தது.

அடுத்து, பயிற்சி முறை. 1996ஆம் ஆண்டு ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஓடிப் பழகாதவர்களுக்கென்று ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை வகுத்தார். நடையும் மெல்லோட்டமும் கலந்த அத்திட்டம் இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. வாரத்தில் மூன்று நாள் மட்டும் பயிற்சி. இரண்டு பயிற்சிகளுக்கு இடையே ஒரு நாளாவது ஓய்வு. ஓய்வு நாளைச் சோம்பல் என்று எண்ணக் கூடாது. அன்றுதான் கால் தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது.

முதல் வாரம், 5 நிமிடம் வேக நடை. பிறகு 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை. இப்படி மாறி மாறி 20 நிமிடம். இரண்டாம் வாரம் 90 விநாடி ஓட்டம், 2 நிமிட நடை. மூன்றாம் வாரத்தில் 3 நிமிட ஓட்டம் வருகிறது. நான்காம் வாரத்தில் 5 நிமிடம். ஐந்தாம் வார இறுதியில் நில்லாமல் 20 நிமிடம் ஓடச் சொல்கிறது திட்டம். ஒன்பதாம் வாரத்தில் அது 30 நிமிடமாகிறது.

ஐந்தாம் வாரத்து அந்தத் தாவலில் பலர் இடறுகிறார்கள். நாங்களும் இடறினோம். ஒன்பது வாரம் என்பது சட்டமன்று. ஒரு வாரப் பாடம் கடினமாக இருந்தால் அதையே மறுவாரமும் செய்யலாம். எங்களுக்கு ஒன்பது வாரப் பாடத்தை முடிக்கப் பதினான்கு வாரம் பிடித்தது. அதனால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

வேகம் எவ்வளவு இருக்க வேண்டும்? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். அருகில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால், வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், வேகம் அதிகம், குறைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆசிரியை ஓடிக்கொண்டே அன்றைய வகுப்புச் செய்தியைச் சொல்வார். அவர் பேச்சு நின்றால், நாங்கள் எல்லாருமே வேகத்தைக் குறைத்துவிடுவோம்.

நேயர்களே, இனி எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். ஓடினால் எடை குறையுமா? மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. ஓட்டத்தால் மட்டும் குறையும் எடை, நாம் எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால், அவர் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 80 கிலோ எடையுள்ளவர் 3 கிலோமீட்டர் ஓடினால் 240 கலோரி. ஓடி முடித்ததும் மாமாக் கடையில் அமர்ந்து ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டால் ஏறக்குறைய 300 கலோரி. ஓடியது அத்தனையும் தட்டிலே போய்விட்டது. குழம்புக்கும் தே தாரேக்குக்கும் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.

உடற்கொழுப்பு ஒரு கிலோ குறைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். அதே 80 கிலோ மனிதர் அதற்காக 96 கிலோமீட்டர் ஓட வேண்டும். அது இரண்டு மாரத்தான் தூரத்தைவிட அதிகம். புதிதாகத் தொடங்குபவர் நடையும் ஓட்டமுமாக வாரத்திற்கு 10 கிலோமீட்டர் கடந்தால் பெரிது. ஒன்பது வாரத்தில் ஒரு கிலோகூட முழுதாகக் குறையாது. இதை முன்பே அறியாதவர்தான் மூன்றாம் வாரம் எடைப்பொறியில் ஏறிப் பார்த்து, மனமுடைந்து திரும்புகிறார்.

இப்போது தட்டின் பக்கம் கணக்கைத் திருப்பிப் பார்ப்போம். கெட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 60 கலோரி இருக்கிறது. தே தாரேக்கில் இரண்டு மூன்று கரண்டி போடுகிறார்கள். கோப்பைக்கு 150 கலோரி என்றே வைத்துக்கொள்வோம். நாளுக்கு இரண்டு கோப்பையை நிறுத்தினால் 300 கலோரி மிச்சம். ஒன்பது வாரத்திற்கு, அதாவது 63 நாளுக்கு, 18,900 கலோரி. இது இரண்டு கிலோவுக்கும் மேற்பட்ட கொழுப்புக்குச் சமம். தாளில் போட்ட கணக்குப்படி உடல் அப்படியே நடந்துகொள்ளாது. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும். ஆயினும் எடைக்கு வழி திடலைவிட அடுக்களையில்தான் அதிகம் இருக்கிறது என்பது தெளிவு. திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் பெரும்பகுதியில் உணவின் அளவையே பேசுவது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அப்படியானால் ஏன் ஓட வேண்டும் என்று கேட்கலாம். எடைப்பொறி காட்டாத பல நன்மைகள் ஓட்டத்தில் உண்டு. குடலைச் சூழ்ந்திருக்கும் கொழுப்பே நோய்க்கு வித்தாவது. எடை அதிகம் குறையாதபோதும் பயிற்சியால் அது கரைகிறது. ஒரு நாள் ஓடினால், அடுத்த ஓரிரு நாள்வரை தசைகள் இரத்தத்துச் சர்க்கரையை நன்றாக ஏற்றுக்கொள்கின்றன. இரத்த அழுத்தம் தணிகிறது, உறக்கம் வருகிறது. குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதிலும் பயிற்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

இதற்கு நம்மவர்களிடையே நடந்த ஆய்வே சான்று. நீரிழிவின் எல்லையில் நின்றவர்களை மூன்று ஆண்டுக்காலம் கவனித்த இந்திய ஆய்வு ஒன்றை, சென்னை மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 2006ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 28 விழுக்காடு குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. எடைப்பொறியின் முள் அசையாதபோதும் உடலுக்குள் நன்மை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எங்கள் கிராணி நண்பர் முதல் முயற்சியில் எடைப்பொறியை நம்பி ஏமாந்தவர். வியர்வை அதிகம் வந்தால் கொழுப்புக் கரையும் என்று எண்ணி, மழைச்சட்டையை அணிந்துகொண்டு ஓடினார். ஒரே காலையில் ஒன்றரைக் கிலோ குறைந்தது என்று மகிழ்ந்தார். மதியத்திற்குள் தண்ணீர் குடித்தார். அந்த ஒன்றரைக் கிலோவும் திரும்பிவிட்டது. வியர்வை நீரே தவிரக் கொழுப்பன்று. நம் நாட்டு வெப்பத்திலும் காற்றின் ஈரத்திலும் உடலைப் போர்த்திக்கொண்டு ஓடுவது, மயங்கி விழவும் அதைவிடப் பெரிய ஆபத்துக்கும் இடமாகும். பஞ்சாடையைவிட, வியர்வையை உலரவிடும் மெல்லிய ஆடை நல்லது. வாரத்திற்கு ஒருமுறை, ஒரே நாளில், காலை உணவுக்கு முன் எடை பார்த்தால் போதும். மாதத்திற்கு ஒருமுறை இடுப்பை அளக்க வேண்டும். அந்த அளவுநாடா எடைப்பொறியைவிட உண்மையான நண்பன்.

நேரமும் இடமும் பற்றிச் சில சொற்கள். காலை ஏழு மணியை ஒட்டிய நேரமோ, வெயில் தாழ்ந்த பிறகோ ஏற்றது. இருட்டில் சாலையோரம் ஓடுவதைவிடத் திடலும் பூங்காவும் பாதுகாப்பு. மாலையில் இடி முழங்கினால் உடனே திடலை விட்டுக் கட்டடத்திற்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்று வெளியில் ஓட வேண்டாம். சப்பாத்து விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை; ஓடுவதற்கென்று செய்யப்பட்டதாகவும், பெருவிரலுக்கு முன் ஒரு விரலகலம் இடம் உள்ளதாகவும் இருந்தால் போதும்.

நீரிழிவு உள்ளவர்கள் கூடுதலாக இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, ஓடி வந்ததும் பாதத்தைச் சோதித்துப் பார்ப்பது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் சிறு கொப்புளமும் புண்ணாகிவிடும். இரண்டு, சட்டைப் பையில் சில மிட்டாய்கள் வைத்துக்கொள்வது. இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகை மாத்திரை உண்பவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். எங்கள் லோரி ஓட்டுநர் ஒரு காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் வந்துவிட்டார். பாதி வழியில் கை நடுங்கிற்று, உடல் குளிர்ந்து வியர்த்தது, பேச்சுக் குழறிற்று. ஆசிரியை தம் பையிலிருந்த மிட்டாய்களைக் கொடுத்து, சீனி கலந்த தண்ணீரும் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தார். தனியாக ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று முதல் அவர் சாப்பிட்டாரா என்று கேட்ட பிறகே நாங்கள் அடியெடுத்து வைக்கிறோம். மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரையும் அவர் மீண்டும் கலந்துகொண்டார்.

ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் தோன்றினால் உடனே நிற்க வேண்டும். வாய்வுப் பிடிப்பு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் 999க்கு அழைக்க வேண்டும்.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் குழுவில் இல்லத்தரசிதான் ஓடத் தயங்கியவர். நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்ற கூச்சம் ஒரு பக்கம். காலையில் பிள்ளைகளுக்குப் பசியாற யார் செய்வது என்ற கவலை மறுபக்கம். கூச்சம் இரண்டு வாரத்தில் போய்விட்டது. கவலையைத் தீர்த்தவர் அவர் கணவர். வாரத்தில் மூன்று காலை அவரே அடுப்பைப் பற்றவைக்கிறார். ஒருவர் ஓட வேண்டுமானால் வீட்டில் மற்றொருவர் கைகொடுக்க வேண்டும். இந்த உரையைக் கேட்கும் கணவன்மார்கள் இதைக் குறித்துக்கொள்வார்களாக.

ஆக, மூன்று செய்திகளை நினைவில் வைப்போம். முதலில் மருத்துவர், பிறகு திடல். மெல்லத் தொடங்கி, நடையோடு ஓட்டத்தைக் கலந்து, ஓய்வு நாள் விட்டுப் பயில்வது. எடைக்குத் தட்டையும், நெஞ்சின் நலத்திற்குத் திடலையும் நம்புவது.

எங்கள் லோரி ஓட்டுநர் நண்பர் ஆறு வாரம் நடந்தார். பிறகு மருத்துவர் சம்மதத்தோடு 60 விநாடி ஓட்டத்திலிருந்து தொடங்கினார். தே தாரேக்கை விட்டுச் சீனியில்லாத தே ஓ குடிக்கிறார். இரவுச் சோற்றைப் பாதியாக்கிவிட்டார். ஐந்து மாதத்தில் அவர் எடை 4 கிலோ குறைந்தது. இடுப்பு 7 சென்டிமீட்டர் சுருங்கியது. கேட்பவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் அவருடைய இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. சென்ற தீபாவளியன்று அவருக்கு 52 வயது நிறைந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்பாகவே திடலில் நின்றிருந்தார்.

நேயர்களே, நாளைக் காலை நாம் ஓட வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வந்தால் போதும்.